பிணையல் அவிழ்ப்பு: 'டீகப்ளிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நகரம் வளர்ந்தால் மின்சாரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அவை கூடினால் புகையும் கூடும். ஒன்றின் பின்னால் ஒன்று இழுபட்டுவரும் இந்த நிலையிலிருந்து விடுபடுவதைப் பொருளியலார் 'டீகப்ளிங்' என்கிறார்கள். 2001 இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு தன் சூழல் திட்டத்தில் இதை ஓர் இலக்காகவே வைத்தது.

இலத்தீனில் 'கோப்புலா' என்றால் கட்டு, பிணைப்பு. பிரெஞ்சில் அதிலிருந்து பிறந்த வினை, சோடியாகக் கட்டிய வேட்டை நாய்களை அவிழ்த்துவிடுவதைக் குறித்தது. ஆங்கிலத்தில் றெயில் பெட்டிகளைக் கொழுவுவதற்கும் கழற்றுவதற்கும் இந்தச் சொற்குடும்பம்தான். எங்கள் இலங்கை அரச தமிழிலோ றெயிலுக்குப் பெயரே புகையிரதம். நிலக்கரி போய் டீசல் வந்த பிறகும் அந்தப் பெயரிலிருந்து புகையை ஒருவரும் கழற்றவில்லை!

தமிழுக்கு வருவோம். 'இணைப்புத் துண்டிப்பு' என்றால் பில் கட்டாத வீட்டுக்கு மின்சார சபை செய்வது. 'பிணை நீக்கம்' என்றால் நீதிமன்ற வாசல் ஞாபகம் வரும். 'கொழுவல்' நல்ல சொல்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் அது சண்டையும்கூட: "என்னோட கொழுவாதை" என்பார்கள். நான் எடுப்பது 'பிணையல்'. சூடு மிதிக்க, அதாவது நெற்கதிரை மிதித்து மணியைப் பிரிக்க, மாடுகளை வரிசையாகக் கட்டுவது பிணையல். ஒரு மாடு நடந்தால் மற்றதும் நடந்தாக வேண்டும். ஆகவே 'பிணையல் அவிழ்ப்பு'.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி உண்டு. கயிறு தளரவும் செய்யும், அவிழவும் செய்யும். வருமானம் வேகமாகவும் புகை மெதுவாகவும் கூடினால் அது தளர்வு. வருமானம் கூடும்போதே புகை குறைந்தால்தான் அவிழ்ப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து முன்னால் அடைமொழி போடுகிறார்கள்.

முடிச்சும் ஒன்றல்ல, இரண்டு. வளர்ச்சிக்கும் சக்திக்கும் இடையில் ஒன்று, சக்திக்கும் புகைக்கும் இடையில் மற்றது. பெய்ஜிங் நகரம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அவிழ்த்தது. நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாறியது. அங்கே காற்றில் நுண்துகளின் (PM2.5) ஆண்டுச் சராசரி 2013 இல் கனமீற்றருக்கு 89.5 மைக்ரோகிராம், 2023 இல் 32. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தை அடுத்த எழுவைதீவில் டீசல் மின்பிறப்பாக்கி இயந்திரத்தோடு காற்றாடியும் சூரியத் தகடும் பற்றரியும் சேர்ந்ததும் இந்த இரண்டாம் முடிச்சில் கைவைத்த கதைதான். முதல் முடிச்சு கடினமானது. எல்.ஈ.டி. மின்குமிழ் அதைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

போரின்போது யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பிற பொருட்களும் வராமல் தடுத்த பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்து, "அப்ப ஊர்க் காற்று எவ்வளவு சுத்தம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1990 இல் நின்ற யாழ்தேவி றெயில் 2014 இல்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஓடிய சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்கின. தோட்டத்துக்கு இறைக்க எண்ணெய் இல்லாததால் வெங்காயச் செய்கையும் சுருங்கியது. அங்கே கயிறு அப்படியே இறுகித்தான் இருந்தது. மாடுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன, அவ்வளவுதான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. இன்று யாழ்ப்பாணத்து வீட்டில் எரியும் மின்குமிழ் புகை விடுவதில்லை. ஆனால் தேசிய மின்கட்டமைப்பின் வழியே வரும் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு, நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தினுடையது. புகைபோக்கி புத்தளம் மாவட்டத்தில் நிற்கிறது, வெளிச்சம் நல்லூரில் விழுகிறது. இதற்குப் 'பிணையல் அவிழ்ப்பு' என்று பெயர் வைக்க மாட்டேன். 'பிணையல் மாற்றிக் கட்டல்' என்று வேண்டுமானால் சொல்லலாம்.