தணிக்கை: நூலகத்துக்குள் இந்தச் சொல்லின் பொருள்

'சென்சார்' என்பது லத்தீன் சொல். 'மதிப்பிடு' என்று பொருள்படும் 'சென்செரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. 'சென்சஸ்' இதன் உடன்பிறப்பு. பழைய ரோமில் சென்சார் ஒரு பதவி. அது கி.மு. 443-இல் உருவானதாக மரபு சொல்கிறது. பதவியில் இருவர் இருப்பார்கள். குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுப்பது வேலை. ஒருவரின் நடத்தை தகாது என்று கருதினால் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறி போடுவார்கள். செனட்டராக இருந்தால் இடமே பறிபோகும். தலையை எண்ணியவர் ஒழுக்கத்தையும் எடைபோட்டார். இன்றைய பொருள் அங்கிருந்து வந்தது.

தமிழில் 'தணிக்கை' என்கிறோம். 'தணி' என்ற வினையிலிருந்து வந்ததுபோல் தோன்றினாலும் இதன் மூலம் அரபியின் 'தன்கீஹ்': ஆய்ந்து சீர்செய்தல். கன்னடத்தின் 'தனிகெ'யும் இதே சொல்தான். அங்கே விசாரணை என்று பொருள். 'கணக்குத் தணிக்கை'யில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது.

நூலகத்தில் தணிக்கையை 'நூல் தேர்வு' என்பதோடு குழப்பவே கூடாது. 1953-இல் அமெரிக்க நூலகவியல் அறிஞர் லெஸ்டர் ஆஷைம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார்: தேர்வு செய்பவர் நூலை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார், தணிக்கை செய்பவர் விலக்கக் காரணம் தேடுகிறார். பணம் போதாமல் ஒரு நூலை வாங்காமல் விடுவது தேர்வு. யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று அஞ்சி விடுவது தணிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் தேர்வு விதிகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

ஓசையில்லாத தணிக்கையும் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் 613.9-இல் நிற்க வேண்டிய பாலியல் நல நூலுக்கு 618 என்று எண் போட்டால், அது மகப்பேறு மருத்துவ நூல்களுக்கு நடுவே போய்விடும். நூலகப் பட்டியலில் நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பும் விடுபட்டால் தேடலில் சிக்காது. நூல் இருக்கிறது, வாசகருக்கு மட்டும் இல்லை. பூட்டிய அலமாரியும், 'கேட்டால் தருவோம்' என்ற ஏற்பாடும் இதே வகை: கூச்சமுள்ளவர் கேட்கவே மாட்டார். இதற்கு 'நூல் முடக்கம்' என்பதே பொருத்தமான சொல் என்பது எங்கள் கருத்து. 'தணிக்கை' என்றால் அரசின் கத்திரிக்கோல்தான் பலர் நினைவுக்கு வருகிறது.

நூலை நீக்கச் சொல்லிப் புகார் வந்தால் எழுத்தில் வாங்குங்கள். நூலை முழுதும் படித்தாரா, எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம் என்று படிவத்தில் கேளுங்கள். ஒருவராக முடிவெடுக்காமல் குழுவிடம் கொடுங்கள். குழுவினர் நூலை முழுதாகப் படித்துவிட்டு முடிவைக் காரணத்தோடு எழுதித் தரட்டும். அதுவரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை என்று உள்ளே எடுத்து வைத்தால், புகார் கொடுத்தவர் கேட்டது அப்போதே நிறைவேறிவிடுகிறது.