எடை மெஷினைப் பார்த்து ஜிம்மை விடாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். மயிலாப்பூரிலிருந்து வரும் பெண், 46 வயது, சர்க்கரை நோய் உண்டு. நான் பலமுறை சொன்ன பிறகு ஒருவழியாக ஜிம்மில் சேர்ந்து ஐந்து வாரம் ஒழுங்காக எடை தூக்கினார். ஆறாவது வாரம் நின்றுவிட்டார். "பணம் கட்டி வெயிட் ஏத்திக்கிட்டேன் டாக்டர், ஒண்ணேகால் கிலோ கூடியிருக்கு" என்றார்.

அப்போது எடுத்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 158-லிருந்து 127-க்கு இறங்கியிருந்தது. ஜாக்கெட்டெல்லாம் தளர்ந்துபோய்ப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்று அவரே சொல்கிறார். இத்தனை இருந்தும் மெஷின் காட்டிய எண்ணைத்தான் நம்பினார்.

அந்த மெஷினுக்குத் தண்ணீர் எது, தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. புதிதாகப் பயிற்சி தொடங்கியவரின் தசைகள் மாவுச்சத்தைக் கிளைகோஜனாக அதிகம் சேமித்துவைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். முதல் வாரங்களில் உடம்பு வலிக்கிறதே, அந்தத் தசைகளிலும் கொஞ்சம் நீர் கோக்கும். கல்யாண விருந்தில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால்கூட மறுநாள் காலை எண் ஏறும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அவ்வளவையும் ஒரே ராத்திரியில் யாராலும் சாப்பிட முடியாது.

வியர்வைக் கணக்கும் இதேதான். மே மாத வெயிலில் பெசன்ட் நகர் கடற்கரையில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இறங்குவது தண்ணீர், குடித்தால் திரும்ப வந்துவிடும். வெப்பத் தாக்கு வந்தால் உயிரே போகலாம்.

அதற்காக அந்த ஒண்ணேகால் கிலோ முழுவதும் தசைதான் என்றும் நான் சொல்லமாட்டேன். தசை அவ்வளவு வேகமாக வளராது. ஆரம்பத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கொழுப்பு தசையாக மாறுவதும் கிடையாது, இரண்டும் வேறு வேறு திசுக்கள். ஒன்று கரையும்போதே இன்னொன்று வளரலாம். தசை அடர்த்தியானது, குறைந்த இடத்தில் அடங்கிவிடும். எடை கூடியும் ஜாக்கெட் தளர்வது இதனால்தான்.

ஜிம்மை விட்டவர் அப்புறம் இரண்டு வேளையும் கஞ்சி மட்டும் குடித்து மூன்று கிலோ குறைத்திருக்கிறார். இப்போது தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதே தசைதான். சர்க்கரை நோயாளி அதை இழக்கலாமா?

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் போதும். தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு அநேகமாகச் சமமாகிவிடும், பிறகு எடை குறையவில்லை என்று என்னிடம் வராதீர்கள். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று தினமும் புரதம் வேண்டும். லேபிள் இல்லாத பவுடரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள், பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த அம்மாவிடம் மறுபடியும் ஜிம்முக்குப் போகச் சொல்லி மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். எடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் டேப் அளவை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.