ஓணம் முடிந்த பிறகு ஏத்தன் குலைகள் என்னவாகின்றன?

ஓணம் நெருங்கும்போது குமரி மாவட்டத்து ஏத்தன் (நேந்திரம்) வாழைக்குலைக்குக் கேரளத்தில் கிராக்கி ஏறும். பண்டிகை முடிந்ததும் விலை இறங்கிவிடும். ஆனால் குலை பண்டிகை பார்த்து முற்றுவதில்லை. மிஞ்சுகிற குலைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், காய் பச்சையாக இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

ஏன் என்றால், வெட்டிய பிறகும் வாழைக்காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. நன்றாக முற்றிய காய் ஒரு கட்டத்தில் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடத் தொடங்கும். அந்த வாயு பழுப்பதைத் தூண்டும்; பழுக்கப் பழுக்க எத்திலீனும் கூடும். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் திருப்ப முடியாது. மாவுச்சத்து மளமளவென்று சர்க்கரையாகும், தோலின் பச்சையம் சிதையும், சதை இளகும். அடிபட்ட காயிலும் எத்திலீன் சுரப்பது கூடும். அதனால்தான் சுமையிறக்கும்போது தொப்பென்று போட்ட ஒரு குலை, பக்கத்தில் கிடக்கும் நல்ல குலைகளையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடுகிறது. அடிபட்டதையும் பழுத்ததையும் உடனே பிரித்து வைப்பது செலவில்லாத வேலை. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

குளிர்பதன அறை உதவும், ஆனால் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. போனால் செல்களின் சவ்வு பழுதாகித் தோல் கறுக்கும், அப்புறம் காய் சரியாகப் பழுக்காது.

சிப்ஸுக்குப் பச்சைக்காய்தான் வேண்டும். பழுக்கத் தொடங்கிய காயைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால், அதிலுள்ள சர்க்கரை அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து சீக்கிரம் கருகிவிடும். பச்சைக்காயில் மாவுச்சத்து அதிகம், சர்க்கரை குறைவு. நீர் ஆவியாகி மொறுமொறுப்பு வரும்வரை அது தாங்கும். நீர் போய்விட்டால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. சீவி உலர்த்தி, குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சப் பொடிக்கிற ஏத்தங்காய் மாவு கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

சிப்ஸுக்கான நாள் கடந்துவிட்டால் பழமாக விற்கலாம், பழம்பொரி போடலாம். நன்றாகக் கனிந்ததை நறுக்கி, தூசி படாமல் சூரிய உலர்த்தியில் வைத்தால் வற்றலாகும். உலர்ந்த பிறகு எஞ்சியிருக்கும் கொஞ்ச நீரையும் பழச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், கிருமிகளுக்கு அது கிடைக்காது. தோல் மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகட்டும்.

உலகில் அறுவடைக்குப் பின், சில்லறைக் கடைக்கு வருமுன்பே சுமார் 14 சதவீத உணவு இழக்கப்படுவதாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. நம் ஊரில் அதைக் குறைக்க, எந்த வாரம் எத்தனை குலை வெட்டுக்கு வரும் என்ற தகவல் சிப்ஸ் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே போக வேண்டும். கன்று நடுவதையும் எல்லாரும் ஒரே சமயத்தில் செய்யாமல், சில வார இடைவெளி விட்டுச் செய்யலாம்.