டிஎன்ஏவால் கட்டிய செல் பெருகுமா?

"இது தப்பித்து வெளியே போய்ப் பெருகிவிடாதா?" டிஎன்ஏவைக் கொண்டு செல் போன்ற அமைப்புகளைக் கட்டுகிறோம் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. டிஎன்ஏ என்றால் மரபுச் செய்தி என்றுதானே எல்லோரும் படித்திருக்கிறோம்.

எங்கள் மேசையில் அது கட்டுமானப் பொருள். அடினின் தைமினோடு சேரும், குவானின் சைட்டோசினோடு சேரும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் இவை. இந்த ஒரு விதியை வைத்து இழைகளைக் கிளைவிட்டுக் கட்டலாம் என்ற எண்ணத்தை 1982இல் அமெரிக்க விஞ்ஞானி நெட் சீமன் முன்வைத்தார். 2006இல் பால் ராத்மண்ட், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் 7,000க்கும் அதிகமான எழுத்துகள் கொண்ட ஒற்றை இழையை, 200க்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் ஆங்காங்கே பிடித்து மடித்தார். காகிதம் மடிக்கும் ஜப்பானியக் கலையின் பெயரால் டிஎன்ஏ ஓரிகாமி என்பது அதுதான்.

செய்முறை எளிமையாகத் தோன்றும். இழைகளைக் கலந்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்கி, மெதுவாக ஆறவிட வேண்டும். ஆனால் டிஎன்ஏ முழுக்க எதிர்மின்சுமை. நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணிக்கும் நேர்மின்சுமை கொண்ட மெக்னீசியம் போதிய அளவு இல்லாவிட்டால், அமைப்பு சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் ஜெல் சோதனையில் தெளிவான பட்டை வராது, தேய்த்த கறை மாதிரிதான் வரும்.

இந்தத் துண்டுகளைக் கொழுப்புப் படலக் குமிழிக்குள் வைத்தால் செல்லின் உட்சட்டகம் போல நிற்கும். கொலஸ்ட்ரால் ஒட்டிய டிஎன்ஏ குழாய் படலத்தைத் துளைத்து வாசல் ஆகும். 2012இல் மியூனிக் ஆய்வாளர்கள் இந்த வாசலைச் செய்துகாட்டினார்கள். 2024இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ரோனிட் ஃப்ரீமன் குழு, டிஎன்ஏவையும் பெப்டைடையும் (புரதத்தின் குட்டித் துண்டு) சேர்த்து உட்சட்டகம் செய்தது. 50 டிகிரி செல்சியஸிலும் அது நிலைத்து நின்றது. இயற்கைச் செல்களுக்கு அது பெரும்பாலும் தாங்காத சூடு.

சரி, பெருகுமா? பெருகாது. தன்னை நகலெடுக்கும் நொதிகளோ, புரதம் செய்யும் ரைபோசோமோ அதற்குள் கிடையாது. 2016இல் வெளியான ஜேசிவிஐ-சின்3.0 வேறு வகை: ஆய்வகத்தில் தொகுத்த 473 மரபணுக்களோடு உண்மையிலேயே பெருகும் உயிருள்ள பாக்டீரியா. அதையும் 'செயற்கைச் செல்' என்கிறார்கள், இதையும் அப்படியே சொல்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

எனக்குக் கவலை வேறு. இந்த அமைப்புகளுக்குத் தேவையானதை விட ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு. அதோடு டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதிகளும் உண்டு. பூச்சு போட்டுக் காக்காவிட்டால் இந்த அமைப்புகள் சிதைந்துபோகும். அப்புறம், பாக்டீரியா, வைரஸ் டிஎன்ஏவில் அதிகம் காணப்படும் சில எழுத்து வரிசைகளை நம் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியர் என்று அடையாளம் கண்டு எழும். ஓரிகாமியின் நீண்ட இழையே வைரஸிலிருந்து வந்தது. ஆகவே டிஎன்ஏ நானோ சிகிச்சை தயார் என்று யாராவது விற்க வந்தால், பெருகுமா என்று கேட்பதை விட இதைக் கேளுங்கள்: உடலுக்குள் அது எவ்வளவு நேரம் முழுசாக இருந்தது, நோயெதிர்ப்பு மண்டலம் அதற்கு என்ன செய்தது, அதை எதில் சோதித்தார்கள்?