உருளாமலே உருண்டையான பாறைகள்

மாமல்லபுரத்தின் 'வெண்ணெய் உருண்டை'யைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, அந்தச் சரிவில் இது எப்படி உருளாமல் நிற்கிறது என்றுதான். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறு கேள்வி: சுமார் 6 மீட்டர் உயரமுள்ள கருங்கல் எப்படி உருண்டையானது? கூழாங்கல் ஆற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகிறது, சரி. இதை உருட்டிவர எந்த ஆற்றுக்குத் தெம்பு உண்டு? செஞ்சி மலைகளில் குவிந்து கிடக்கும் பாறைகளும் ஹம்பியைச் சுற்றிக் கிடப்பவையும் இதே ரகம்தான். எங்கிருந்தும் உருண்டு வந்தவை அல்ல. இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே உருண்டையானவை.

இந்தப் பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகியவை. மேலே கிடந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போகப் போக, அழுத்தம் குறைந்து கீழே உள்ளது லேசாக விரியும். விரியும்போது வெடிப்பு விடும். கிடையாகச் சில, நெட்டுக்குத்தாகச் சில. பாறை கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். வெடிப்பு வழியே மழைநீர் இறங்கும்.

அது வெறும் தண்ணீர் அல்ல. காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வரும் மெல்லிய அமிலம். கருங்கல்லில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது. அமிலம் பட்டால் அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் கரைந்து போய், மிஞ்சுவது களிமண். கருந்தாதுக்களின் இரும்பு துருப்பிடித்துச் செம்பழுப்பு ஏறும். குவார்ட்ஸ் என்ற தாது மட்டும் லேசில் மசியாது. பிடிமானம் போனதும் உதிர்ந்து மணலாகிவிடும்.

இப்போது வெடிப்புகளால் பிரிந்த அந்தப் பாறைக் கட்டத்தைக் கவனியுங்கள். அதன் முகப்பை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்தும், மூலையை மூன்று பக்கமிருந்தும் தாக்கும். அதனால் முதலில் காலியாவது மூலை, அப்புறம் விளிம்பு. சிதையும் தாதுக்கள் நீர் ஏறிப் பருப்பதால், மேல்பகுதி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும். நடுவில் சிதையாமல் நிற்கும் கருதான் உருண்டை. சுற்றியுள்ள மக்கிய பாறையை ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போனால் அது வெளியே தெரியும். உளுத்துப்போக வைப்பது சிதைவு, அள்ளிப் போவது அரிப்பு. பள்ளியில் இரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ததால் பலருக்கு ஒன்றாகவே தங்கிவிட்டது.

மக்கிய பாறையைக் கண்ணால் பார்க்க, கருங்கல் பூமியில் போர்வெல் போடும் இடத்தில் நின்றால் போதும். முதலில் மண் வரும். அப்புறம் கையால் நசுக்கினாலே பொடியும் பழுப்புச் சரளை. உற்றுப் பார்த்தால் அதற்குள் பாறையின் படிகங்கள் தெரியும். அது சரிந்து துளையை மூடிவிடும் என்பதால்தான் அதுவரை கேசிங் பைப் இறக்குகிறார்கள். சாம்பல் நிறத் தூள் பறக்கத் தொடங்கினால் கெட்டிப் பாறை வந்துவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த தோட்டங்களில்கூட கேசிங் நீளம் வேறுபடும். வெடிப்புகள் நெருக்கமாக உள்ள இடத்தில் சிதைவு ஆழமாக இறங்கியிருக்கும்.

வெளியே வந்த பாறையையும் இயற்கை சும்மா விடுவதில்லை. மாமல்லபுரத்திலேயே, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலில் பல சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. முக்கியக் காரணம் உப்பு. கடல் ஈரம் கல்லின் நுண்துளைகளில் புகும். நீர் ஆவியானதும் உப்புப் படிகம் வளர்ந்து துகள்களை நெம்பித் தள்ளும். தளர்ந்த துகளை மணற்காற்று உரசி எடுத்துவிடும். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள், அலையைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைச் சுவரில் அப்புவதும் உண்டு. கூழின் ஈரம் உள்ளே உள்ள உப்பைக் கரைக்கும், காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும், உரித்து எடுத்துவிடலாம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் இதை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.