போன் ஆப்பில் சூரியப் படம் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

"சார், ஆப்ல வெயில்னுதான் போட்டிருக்கு." மாணவ விமானிகள் வாயிலிருந்து இதை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது!

மாடியில் துணி உலர்த்த அந்தப் படம் போதும். கண்பார்வையை மட்டுமே நம்பிச் சிறுவிமானம் ஓட்டப் போதாது. ஆப் சொல்வது பல கிலோமீட்டர் பரப்புக்குக் கணினி போட்ட உத்தேசக் கணக்கு. மேகம் 80 சதவீதம் என்கிறது, எந்த உயரத்தில்? 25,000 அடியில் மெல்லிய மேகம் என்றால் நமக்குத் தொல்லை இல்லை. 1000 அடியில் என்றால் சாவியைத் தொடக்கூடாது. ஆப்புக்கு இரண்டும் ஒரே 80.

மெட்டார் என்ற வானிலை அறிக்கை விமான நிலையத்திலேயே அளந்து தருவது, சென்னை மீனம்பாக்கத்தில் அரை மணிக்கு ஒருமுறை. முதலில் நேரத்தைப் பாருங்கள், அதிலுள்ள யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 0130 என்றால் நம் காலை 7. பழைய மெட்டாரைப் புதிது என்று படித்தவர்கள் உண்டு.

தரைப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்கோ, மேகக் கூரை 1500 அடிக்கோ குறைந்தால், விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் தனி அனுமதி இல்லாமல் வி.எஃப்.ஆர். (கண்பார்வையை நம்பிப் பறக்கும் விதி) ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கூரை என்பது மெட்டாரில் வரும் பி.கே.என். (பெரும்பகுதி மேகம்), ஓ.வி.சி. (வானம் முழுக்க மேகம்) இரண்டும்தான், அதாவது வானத்தில் எட்டில் ஐந்து பங்கும் அதற்கு மேலும். அந்த உயரம் நிலையத்தின் தரையிலிருந்து கணக்கு. சேலம் நிலையமே கடல் மட்டத்துக்குச் சுமார் 1000 அடி மேலே. அங்கே பி.கே.என். 020, அதாவது 2000 அடி, என்றால் க்யூ.என்.எச். வைத்த (கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டும்) உயரமானியில் மேகம் 3000 அடியில் நிற்கும். பக்கத்துச் சேர்வராயன் மலையோ 5000 அடியைத் தாண்டும். விதிப்படி கூரை சரி, ஆனால் மலை மேகத்துக்குள்.

மார்கழி, தைக் காலையில் தலைக்கு மேல் நீலவானம் தெரியும். அதை நம்பாதீர்கள். காற்று அசையாமல், வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை) 2 டிகிரிகூட வித்தியாசம் இல்லையென்றால் மூடுபனிக்கு எல்லாம் தயார். போகிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நேர் கீழே ரன்வே பளிச்சென்று தெரியும்; சூரியனை நோக்கிச் சாய்வாகப் பார்த்தால் அதே ரன்வே காணாமல் போகும்.

கோடையில் சிக்கல் வேறு. சென்னையில் காலையில் மேற்குக் காற்றைப் பார்த்து, மேற்கு நோக்கிய ரன்வே 25-க்குத் திட்டம் போட்டுப் போவீர்கள். மதியம் கடற்காற்று ஏறியதும் அதே ரன்வேயின் எதிர்த்திசையான 07-க்குத் திருப்பிவிடுவார்கள். மாலையில் மேற்கிலிருந்து இடிமேகம் வரும். மழைக்கு வெகு முன்னால் அதன் சூறைக்காற்று வந்து அடிக்கும். மெட்டாரில் சி.பி. (இடிமேகம்), டி.சி.யு. (உயர்ந்து வளரும் மேகம்) என்று எங்காவது இருந்தால் ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். டாஃப் என்ற விமான நிலைய முன்னறிவிப்பில் டெம்போ (தற்காலிக மாற்றம்) இருந்தால் "கொஞ்ச நேரம்தானே" என்று தள்ளாதீர்கள். நீங்கள் இறங்கும் நேரமே அந்தக் கொஞ்ச நேரமாக இருக்கலாம்.

திருச்சிக்குப் போகிறீர்களா? இரண்டு ஊர் மெட்டார், டாஃப், வழியில் இறங்க இன்னொரு நிலையம், அதற்கான எரிபொருள், சூரியன் மறையும் நேரம், எல்லாம் தாளில் எழுதுங்கள். வழியில் முன்னால் மங்கினால், பின்னால் தெளிவாகத் தெரியும்போதே திரும்பிவிடுங்கள், தயவுசெய்து. மேகத்துக்குள் நுழைந்தபின் யோசிக்காதீர்கள்.