பார்ட்டி என்றால் விருந்தா?

ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி போன மாதம் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’தான் அவளுக்குப் பாட நாவல். முதல் அத்தியாயத்திலிருந்து 62 சொற்களை எடுத்து, எதிரே போன் காட்டிய தமிழ்ப் பொருளை முத்து முத்தாக எழுதியிருந்தாள். ‘பார்ட்டி’க்கு நேரே ‘விருந்து’.

கதையே ஒரு கட்சியின் சர்வாதிகாரத்தைப் பற்றியது. “யாருமே நல்லா சாப்பிடலையேன்னு நினைச்சேன் மிஸ்” என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் சங்கடமாகிவிட்டது. தினம் இருபது வார்த்தை என்று வீட்டிலும் டியூஷனிலும் பழக்கியது நாம்தானே.

அந்த 62இல் நாவலின் முதல் வாக்கியத்திலிருந்து ஒரு சொல்கூட இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு குளிர்நாள், கடிகாரங்கள் பதின்மூன்று அடிக்கின்றன. கடினமான சொல்லே கிடையாது, அதனால் தாண்டிவிட்டாள். “பதின்மூன்று அடிக்கிற கடிகாரத்தைப் பார்த்திருக்கியா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “அந்த ஊர்ல ஏதோ சரியில்ல” என்றாள். அந்த வாக்கியம் சொல்ல வந்ததும் அதுதான். அடுத்த பத்தியில் கதாநாயகன் வின்ஸ்டனின் கணுக்காலுக்கு மேலே ‘வேரிகோஸ் அல்சர்’ வருகிறது. அதை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? காலில் புண், ஏழு மாடி ஏறத் திணறுகிறான். அது போதும்.

வேதியியலில் ஆவியாக்குவது என்று படித்த ‘வேப்பரைஸ்’ இந்த நாவலில் ஓர் ஆளையும் அவன் வாழ்ந்த தடயத்தையும் சேர்த்து அழிப்பது. சித்திரவதை நடக்கும் இடத்தின் பெயர் அன்பு அமைச்சகம். இதையெல்லாம் எந்த அகராதி சொல்லும்?

எனக்குப் பிடித்தது கேன்டீன் காட்சி. கட்சி உருவாக்கும் புது மொழியான நியூஸ்பீக்கின் அகராதி, அதன் 11ஆம் பதிப்பில் வேலை செய்யும் சைம், சொற்களை ஒழிப்பதைப் பெருமையாகச் சொல்கிறான். ‘பேட்’ எதற்கு, ‘அன்குட்’ போதும். ரொம்ப நல்லது என்றால் ‘பிளஸ்குட்’, அதற்கும் மேலே ‘டபுள்பிளஸ்குட்’. சொல் குறைந்தால் யோசனையும் குறையும் என்பது கட்சியின் கணக்கு. இதைப் படித்த கையோடு, பாட்டியையும் ரசத்தையும் பற்றி அவள் எழுதிய கட்டுரையை எடுத்துக் காட்டினேன். நான்கு இடத்தில் ‘வெரி குட்’, ஓரிடத்தில் ‘வெரி வெரி குட்’. தலையில் அடித்துக்கொண்டாள். ரசம் எப்படி ‘குட்’, காரமா, வாசனையா என்று கேட்டுக் கேட்டு மாற்றினோம். ரசத்துக்கு ‘ஃபிராக்ரன்ட்’ வந்தது, கேட்டவருக்கெல்லாம் அள்ளிக்கொடுக்கும் பாட்டிக்கு ‘ஜெனரஸ்’. இரண்டையும் அவள் இன்னும் மறக்கவில்லை.

அத்தியாயத்துக்கு எட்டு சொல் போதும். சொல்லோடு அது வந்த வாக்கியத்தையும் எழுதட்டும். முதலில் ஊகம், அப்புறம்தான் அகராதி. ஒரு வாரம் கழித்து அதே சொல்லை வைத்துத் தன் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் உதவலாம்: “அவன் ஏன் பயப்படறான்?” என்று கதையைத் தமிழில் கேளுங்கள், பிள்ளை புரிந்து படித்ததா என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் பாகத்துச் சித்திரவதை கடுமையானது, ஏழு எட்டு வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த நாவலைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு லோயிஸ் லவ்ரியின் ‘தி கிவர்’ நாவல் இருக்கிறது. அதில் ‘ரிலீஸ்’ என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் கவனித்துவரச் சொல்லுங்கள். அதற்கு என்ன பொருள் என்று நீங்களும் முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டாம்.